சினைப்பை நீர்க்கட்டிக்கும் செல்லுக்குள் போகும் சேதிக்கும் என்ன தொடர்பு?

கேள்வி: என் தங்கைக்கு 17 வயது. ஸ்கேனில் சினைப்பையில் நீர்க்கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். செல் சமிக்ஞைப் பாதைகள் கெட்டால் சினைப்பை நோய்கள் வரும் என்று வாசித்தேன். புரியும்படி யாராவது சொல்வீர்களா?

பதில்:

நான் தக்கலைப் பக்கம். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் பாடம் நடத்துவதற்கு வெகு முன்பே இந்த நோய் எனக்கு அறிமுகம். பத்தொன்பது வயதில் நான்கு மாதம் மாதவிலக்கு வரவில்லை. ஸ்கேன் எடுத்து, "ரெண்டு பக்கமும் நீர்க்கட்டி" என்று ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். வேறு எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் பெரியம்மை கேட்டாள்: "மக்களே, அந்தக் கட்டிய எடுத்துப் போடச் சொல்லப்பிடாதா?" அன்று எனக்கும் அதே கேள்விதான்.

அது எடுத்துப் போடுகிற கட்டியே அல்ல. முட்டை வளர்கிற சிறு பை அது, ஃபாலிக்கிள் என்பார்கள். மாதாமாதம் சில பைகள் வளரத் தொடங்கும். அவற்றில் ஒன்று மட்டும் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குப் பெருத்து, வெடித்து, முட்டையை வெளியே விடும். மக்கள் நீர்க்கட்டி நோய் என்று சொல்லும் பிசிஓஎஸ் (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்) உள்ளவர்களிடம் இந்தப் பைகள் ஒரு சென்டிமீட்டரை எட்டுமுன்பே நின்றுவிடுகின்றன. ஸ்கேனில் முத்து கோத்ததுபோல் தெரிவது அப்படி நின்றுபோன பைகள்தான். 1935-இல் சிகாகோவில் ஸ்டெய்ன், லெவன்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களை வைத்து இந்த நோயை விவரித்தபோது, சினைப்பையில் ஒரு துண்டை வெட்டியெடுப்பதுதான் வைத்தியமாக இருந்தது. பெரியம்மை கேட்டதில் தவறில்லை, ஒரு காலத்தில் மருத்துவமே அப்படித்தான் யோசித்தது.

சரி, பைகள் ஏன் நிற்கின்றன? வளரச் சொல்லும் சேதியில் குழப்பம்.

இன்சுலினை எடுத்துக்கொள்வோம். அது செல்லின் வெளிச்சவ்வில் இருக்கும் ஏற்பியில், அதாவது சேதியை வாங்கும் புரதத்தில், வந்து உட்காரும். ஏற்பி உள்ளே ஒரு புரதத்தைத் தட்டி எழுப்பும், அது இன்னொன்றை எழுப்பும், அது மற்றொன்றை. இந்தக் கைமாற்றுதான் சமிக்ஞைப் பாதை. இன்சுலினின் பாதை உள்ளே போனதும் இரண்டாகப் பிரிகிறது. பிஐ3கே, ஏகேடி என்ற புரதங்கள் வழியாகப் போகும் கிளை, ரத்தத்துச் சர்க்கரையைத் தசைக்குள் இழுக்கிறது. எம்ஏபிகே என்ற மற்றக் கிளை, செல்லை வளரவும் பெருகவும் சொல்கிறது.

இங்கே எங்கள் ஊர்க் கால்வாயைச் சொன்னால் உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். அப்பாவுக்குக் கடைவரம்பில் கொஞ்சம் வயல் இருந்தது. கன்னிப்பூ சாகுபடிக்குப் பேச்சிப்பாறை அணையைத் திறப்பார்கள். கால்வாய் பிரியும் இடத்தில் ஒரு ஷட்டர் சிக்கிக்கொண்டால் அந்தக் கிளையில் பயிர் காயும். "தண்ணி காணாது" என்று எல்லோரும் சத்தம் போட, அணையில் இன்னும் கொஞ்சம் திறப்பார்கள். சிக்கிய கிளை அப்போதும் காய்ந்துதான் கிடக்கும். திறந்திருக்கும் கிளையிலோ வரப்பு மூழ்கும்.

பிசிஓஎஸ் உள்ள பலரிடம் நடப்பது இதேதான். சர்க்கரைக் கிளை மந்தமாகிறது. உடல் அதைச் சரிக்கட்ட இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின், இன்னும் நன்றாகக் காது கேட்கிற சினைப்பைக்குப் போகிறது. அங்கே பையைச் சுற்றியிருக்கும் தீக்கா செல்கள் மூளையடிச் சுரப்பியின் எல்ஹெச் என்ற ஹார்மோன் சேதியோடு இதையும் சேர்த்துக் கேட்டு, ஆண் ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கின்றன. கல்லீரலில், அந்த ஹார்மோனைப் பிடித்துவைக்கும் புரதமும் குறைகிறது. முகத்தில் முடி, பரு, நின்றுபோன பைகள் எல்லாம் இதன் விளைவு. ஒல்லியான பெண்களுக்கும் இது வரும், அதனால் உடம்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

என் கழுத்தின் பின்புறம் கறுத்திருந்தது. அம்மை அதை அழுக்கு என்று நினைத்து, பீர்க்கங்காய் நார் போட்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் தேய்ப்பாள். எரியும். போகாது. மிகுந்த இன்சுலின் தோல் செல்களையும் பெருகச் சொன்னதால் வந்த கறுப்பு அது என்று எம்.எஸ்சி. படிக்கும்போது தெரிந்தது. அன்று ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து அழுதேன்.

மருந்துகளும் இந்தப் பாதைகளில்தான் கைவைக்கின்றன. மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரல் சர்க்கரை உண்டாக்குவதைக் குறைத்து, இன்சுலின் தேவையைத் தணிக்கிறது. குழந்தை வேண்டுவோருக்குத் தரும் லெட்ரோசோல், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் உண்டாவதைக் குறைக்கிறது. அது குறைந்ததைக் கண்டு மூளை, பையை வளரச் சொல்லும் எஃப்எஸ்ஹெச் என்ற ஹார்மோன் சேதியைக் கூட்டி அனுப்ப, பை வளர்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் நடைதான். தசை சுருங்கி விரியும்போது, சிக்கிய ஷட்டருக்குப் போகாமலே சர்க்கரை உள்ளே நுழைய வேறொரு வாய்க்கால் திறக்கிறது. மரச்சீனிக் கிழங்கையும் மீன்கறியையும் நான் விடவில்லை. கிழங்கைக் குறைத்தேன், மீனைக் கூட்டினேன், சாப்பிட்டபின் அரை மணி நேரம் நடந்தேன்.

சினைப்பையின் மற்ற நோய்களிலும் இதே பாதைகளின் பெயர்கள் திரும்ப வரும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம் பைகள் சினைப்பையில் உறங்குகின்றன. அவை ஒரேயடியாக விழிக்காமல் பிஐ3கே பாதையைப் பிடித்துவைக்கும் பிரேக், பிடென் என்ற புரதம். எலிகளின் முட்டையில் அதை நீக்கிப் பார்த்த ஆய்வு 2008-இல் வெளியானது. பைகள் எல்லாம் ஒன்றாக விழித்து, இளமையிலேயே தீர்ந்துபோயின. 2013-இல் ஜப்பானின் கவாமுரா குழு இதைத் திருப்பிப் பயன்படுத்தியது. 40 வயதுக்கு முன்பே சினைப்பை ஓய்ந்த பெண்களின் திசுவைத் துண்டாக்கி, ஏகேடி பாதையைத் தூண்டி, மறுபடி உடலில் வைத்தார்கள். ஒரு குழந்தை பிறந்தது. இன்னும் அது ஆய்வு நிலை சிகிச்சைதான். சினைப்பைப் புற்றின் சில வகைகளிலும் பிஐ3கே மரபணு கெட்டிருக்கும். ஆனால் உங்கள் தங்கைக்குச் சொன்ன நீர்க்கட்டி நான் மேலே சொன்ன சிறு பைகள்தான் என்றால், அது புற்றாக மாறும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். கவனிக்க வேண்டியது கர்ப்பப்பையை. மாதவிலக்கு வராமலே மாதங்கள் போனால் அதன் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும். 90 நாள் தாண்டினால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

இனி உங்கள் தங்கை. வயதுக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகாத பெண்ணுக்கு, ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் என்று முடிவு செய்யக் கூடாது என்று 2023-இன் சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த வயதில் நல்ல ஆரோக்கியமான சினைப்பையிலும் நிறையப் பைகள் தெரியும். மாதவிலக்கு ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் பிசிஓஎஸ். வயதுக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகியும் 35 நாளைத் தாண்டித் தாண்டி வருகிறதா, முகத்தில் முடி அல்லது கடும் பரு இருக்கிறதா என்று அவளிடமே தனியாகக் கேளுங்கள். இருந்தால் மகப்பேறு மருத்துவரிடமோ ஹார்மோன் மருத்துவரிடமோ கூட்டிப்போய், ஆண் ஹார்மோனுக்கும், குளுக்கோஸ் குடிக்கவைத்து எடுக்கும் சர்க்கரைக்கும் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். கழுத்தில் கறுப்பு இருந்தால் அதையும் காட்டுங்கள். யாரும் தேய்க்க வேண்டாம்.