எம் அண்ட் ஏ, அதாவது கம்பெனிகளை வாங்குவது, விற்பது, இணைப்பது சம்பந்தப்பட்ட வக்கீல் வேலை நிஜத்தில் எப்படி இருக்கும்? தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் படிக்காதவர்களுக்கு வாய்ப்பு உண்டா?

உண்டு. நீங்கள் அரசு சட்டக் கல்லூரியில் நாலாம் வருடம் படிக்கிறீர்கள், பெரிய ஃபர்ம் எதுவும் கேம்பஸ் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். "கோர்ட் படி ஏறாதவன் எல்லாம் வக்கீலா" என்று கமெண்ட் போட வருபவர்கள் வரலாம். அவர்களுக்கு ஒரு வார்த்தை: பங்கு விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து சொதப்பினால் அந்த வழக்கு உங்களிடம்தானே வருகிறது, சந்தோஷப்படுங்கள்.

முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் டியூ டிலிஜென்ஸ்தான், அதாவது வாங்குவதற்கு முன் கம்பெனியின் காகிதங்களைத் துருவிப் பார்ப்பது. விற்பனைக்கு வரும் கம்பெனி தன் காகிதங்களை டேட்டா ரூம் என்ற ஆன்லைன் பெட்டகத்தில் ஏற்றும். 'ஸ்கேன்001' என்று பெயர் வைத்த, பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும் பிடிஎஃப்கள். ஒவ்வொரு பங்கு ஒதுக்கீட்டுக்கும் போர்டு தீர்மானம், பிஏஎஸ்-3 படிவம் (ஒதுக்கீட்டைக் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிப்பது), உறுப்பினர் பதிவேடு மூன்றும் ஒரே எண்ணைச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டு முதலீடு என்றால் ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கு எஃப்சி-ஜிபிஆர் படிவம் போயிருக்கிறதா? கம்பெனி கைமாறினால் எங்களிடம் முன்அனுமதி வாங்கு என்று வங்கிக் கடன் பத்திரமும் குத்தகைப் பத்திரமும் சொல்கிறதா?

ஜூனியர்கள் அதிகம் சறுக்கும் இடம் மென்பொருள் கம்பெனி. சம்பளத்தில் இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதிய கோட், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதலாளிக்கே சொந்தம். ஃப்ரீலான்சர் எழுதியது அப்படி இல்லை, உரிமையை எழுதி வாங்க வேண்டும். எழுதி வாங்கிய பத்திரம் இருக்கிறது என்று டிக் அடித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். உள்ளே படிக்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவுப்படி, காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை 5 வருடத்துக்குத்தான். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். அமெரிக்காவில் விற்கும் கம்பெனியிடம் இப்படி இரண்டு வரிப் பத்திரம் இருந்தால், வாங்குபவர் பணம் கொடுப்பது எதற்கு?

ஓட்டையைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அதை ஒப்பந்தத்தில் எங்கே வைப்பது என்று தெரிந்தவரைத்தான் மூன்றாம் வருடத்திலிருந்து டிராஃப்டிங்கில் உட்கார வைப்பார்கள். இப்போதே சரிசெய்ய முடிந்தால், குளோசிங்குக்கு (பணமும் பங்கும் கைமாறும் நாள்) முன் முடிக்க வேண்டிய நிபந்தனை, அதாவது சிபி. தொகை தெரிந்தால் விலையில் கழித்துவிடலாம். பிரச்சினை தெரியும், தொகை தெரியாது (நிலுவையில் உள்ள வரி வழக்கு மாதிரி) என்றால் அதற்கென்றே தனி இன்டெம்னிட்டி, அதாவது நஷ்டம் வந்தால் விற்பவர் ஈடுகட்டும் உறுதி. தெரிந்த பிரச்சினையை வெறும் வாரன்டியில் (எல்லாம் சரியாக இருக்கிறது என்று விற்பவர் தரும் உறுதிமொழி) விட்டுவிடாதீர்கள். விற்பவரின் வக்கீல் டிஸ்க்ளோஷர் லெட்டரில் (வாரன்டிக்கு விதிவிலக்குகளைப் பட்டியலிடும் கடிதம்) ஒரு வரி சேர்த்துவிடுவார், சொல்லித்தானே விற்றோம் என்று பொறுப்பும் கழன்றுவிடும்.

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி என்றால் செபியின் (பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம்) 2011 கையகப்படுத்தல் விதிமுறை. நம்மூர் இந்தியா சிமென்ட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூனில் அல்ட்ராடெக் 22.77% வாங்கியது. 25%க்குக் கீழே, கட்டுப்பாடும் கைமாறவில்லை, அதனால் ஓப்பன் ஆஃபர் (பொதுப் பங்குதாரர்களிடமும் வாங்க முன்வருவது) கிடையாது. ஜூலையில் புரமோட்டர் தரப்பின் 32.72%ஐ பங்குக்கு 390 ரூபாய் வீதம் வாங்க ஒப்பந்தம் போட்டதும் வரம்பு தாண்டியது. பொதுப் பங்குதாரர்களிடமும் அதே விலைக்கு 26% வரை வாங்க முன்வர வேண்டியதாயிற்று. போட்டி ஆணையத்தின் அனுமதி டிசம்பரில் வந்த பிறகுதான் கைமாற்றம். அனுமதி வரும்வரை வாங்குபவர் அந்தக் கம்பெனியின் விலை, கொள்முதல் விஷயத்தில் தலையிடக் கூடாது. மீறினால் அபராதம், மொத்த விற்றுமுதல், சொத்து, டீல் மதிப்பு இவற்றில் எது அதிகமோ அதில் 1% வரை போகலாம்.

குளோசிங் நாள் டிவியில் காட்டுவது போலக் கைகுலுக்கல் இல்லை. பங்கை மாற்றச் சொல்லும் டெலிவரி இன்ஸ்ட்ரக்ஷன் ஸ்லிப்பில் போட்ட கையெழுத்து, டீமேட் கணக்கை நடத்தும் டிபியிடம் உள்ள மாதிரியோடு ஒத்துப்போகாமல் நிற்கும். பங்கு மாற்றத்துக்கான 0.015% முத்திரைத்தீர்வை கட்டியிருக்க மாட்டார்கள். இந்திய டைரக்டர்கள் எல்லோரும் ராஜினாமா செய்த பிறகுதான், வருடத்தில் 182 நாளாவது இந்தியாவில் தங்கியிருக்கும் டைரக்டர் ஒருவர் வேண்டுமே என்று யாருக்கோ ஞாபகம் வரும். முந்தைய வாரமே இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, யார் பொறுப்பு என்று பெயர் போட்டுக் கேட்டு வாங்குவது ஜூனியரின் வேலை.

பணம் நன்றாகவே வரும், மறுக்கவில்லை. ஆனால் பல ஃபர்ம்களில் அது சம்பளம் இல்லை, தொழில்முறைக் கட்டணம். 10% டிடிஎஸ் பிடிப்பார்கள், பிஎஃப் கிடையாது. வீட்டுக் கடன் கேட்டால் சுயதொழில் என்று வருமானவரிக் கணக்கு கேட்பார்கள். இதில் இன்னொன்று, சென்னையில் "வக்கீலுக்கு வீடு இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லும் ஹவுஸ் ஓனர்கள். இரவு இரண்டு மணிக்கு ஒப்பந்தம் திருத்துபவன் எப்போது இவர்கள் வீட்டை ஆக்கிரமிக்கப் போகிறான்?

பார் கவுன்சிலில் பதிவு செய்யுங்கள். பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பின்னால் ஃபர்மை விட்டுக் கம்பெனியில் முழுநேரச் சம்பளத்துக்குச் சேர்ந்தால் பதிவை நிறுத்திவைக்கக் கடிதம் கொடுக்க வேண்டும், பலர் மறந்துவிடுகிறார்கள்.

இன்டர்ன்ஷிப்புக்குப் பெரிய பெயர்களை மட்டும் துரத்தாதீர்கள். சென்னை, கோவையில் கம்பெனி செக்ரட்டரி அலுவலகத்தில் இரண்டு மாதம் இருந்தால் பிஏஎஸ்-3ம் பதிவேடும் கைக்குப் பழகிவிடும், அது பல தேசிய சட்டப் பல்கலை மாணவர்களுக்குத் தெரியாது. கூடவே செபி தளத்தில் ஓப்பன் ஆஃபர் கடிதங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றை எடுத்து எந்த விதி எப்போது, ஏன் பொருந்தியது என்று இரண்டு பக்கத்தில் எழுதி, விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்புங்கள். "எம் அண்ட் ஏ-வில் தீவிர ஆர்வம்" என்ற வரியை எடுத்துவிடலாம்.