'அந்த விஷயம்' என்று ஐந்து முறை

கேள்வி: எனக்கு 46 வயது. ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய். ஒரு வருடமாக 'அந்த விஷயம்' சரியில்லை. எல்லாம் மாத்திரையால்தான் என்கிறான் நண்பன். சர்க்கரை மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமா? விளம்பரம் பார்த்து ஒரு டப்பா மூலிகை கேப்சூல் வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் பிரிக்கவில்லை. டாக்டரிடம் இதைப் போய் எப்படிச் சொல்வது? மனைவியிடமும் பேசவில்லை. அவள் தூங்கிய பிறகுதான் படுக்கப் போகிறேன். பெயர் வேண்டாம். (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: பெயர் போடவில்லை. ஆனால் உங்கள் முழுக் கடிதத்தில் 'அந்த விஷயம்' என்று ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது: விறைப்புக் குறைபாடு, அதாவது ஆணுறுப்பு சரியாக விறைக்காமல் போவது. நீரிழிவு உள்ள ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது இருக்கிறது. மற்றவர்களைவிடப் பத்துப் பதினைந்து வருடம் முன்னதாகவே வந்துவிடுகிறது.

மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். உங்கள் நண்பர் விஷயத்தைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார். கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரைதான். ரத்தக்குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்தால்தான் குழாய் தளர்ந்து விரியும், ரத்தம் வந்து நிறையும். வருடக்கணக்கில் ஏறிக் கிடக்கும் சர்க்கரை அந்த உட்சுவரைக் கெடுக்கிறது. சேதி கொண்டுபோகும் நரம்புகளையும் கெடுக்கிறது. ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளுக்கும் இதில் பங்கு இருக்கலாம். அதையும் டாக்டர்தான் மாற்ற வேண்டும், நீங்களாக விடக்கூடாது.

நீங்கள் வெட்கப்பட்டு மறைத்த ஒரு வருடத்தில் எனக்குக் கவலை தருவது வேறு. ஆணுறுப்பின் ரத்தக்குழாய் 1 அல்லது 2 மில்லிமீட்டர் அகலம்தான். இதயத்துக்கு ரத்தம் தரும் குழாய் 3, 4 மில்லிமீட்டர். இரண்டிலும் ஒரே மாதிரி அடைப்பு படிந்தால் எது முதலில் காட்டிக்கொடுக்கும்? சிறியதுதான். நெஞ்சுவலி வருவதற்கு இரண்டிலிருந்து ஐந்து வருடம் முன்பே விறைப்புக் குறைபாடு தலைகாட்டியவர்கள் நிறையப் பேர். உங்களுக்கும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் டாக்டருக்கு இது தெரிந்தே ஆகவேண்டும். தெரிந்தால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் வேறு கண்ணோடு பார்ப்பார். காலை நேர ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவும் பார்க்கச் சொல்வார். புகைப்பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அந்த டப்பாவைப் பிரிக்காதது நல்லது. 'மூலிகை' என்று விற்கும் இப்படிப்பட்ட பல கேப்சூல்களில், விறைப்புக்குத் தரும் சில்டெனாஃபில் என்ற மருந்தைச் சொல்லாமல் கலந்திருந்தது பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் தெரியாமல் இதை விழுங்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்து உயிரே போகலாம். அதே சில்டெனாஃபிலை உடம்பைப் பரிசோதித்து, அளவு பார்த்து டாக்டர் எழுதிக்கொடுத்தால் நீரிழிவு உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பலன் தருகிறது. அதில் சரிவராவிட்டால் வெற்றிடப் பம்பு, ஊசி, கடைசியாக அறுவை சிகிச்சை என்று வழி இருக்கிறது.

இன்னும் இரண்டு கேட்டுக்கொள்ளுங்கள். உச்சத்தில் விந்து வெளியே வராமல், அப்புறம் சிறுநீர் கலங்கிப் போனால் அது பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போகிறது என்று அர்த்தம். முன்தோலில் அரிப்பும் வெடிப்பும் வந்தால் பெரும்பாலும் பூஞ்சை. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரை எடுத்தால் அது கூடுதலாக வரும். இரண்டுக்கும் வைத்தியம் உண்டு.

மனைவி விஷயம். நீங்கள் ஹாலில் உட்கார்ந்து அவர் தூங்கக் காத்திருக்கும் நேரத்தில், அவர் உண்மையிலேயே தூங்குகிறார் என்று எதை வைத்து நினைக்கிறீர்கள்? காரணம் தெரியாத மனைவி, தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்றுதான் முடிவுக்கு வருவார். இன்றைக்கே சொல்லுங்கள். டாக்டரிடம் போகும்போது அவரையும் அழைத்துப் போனால் இன்னும் நல்லது.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். "டாக்டர், ஒரு வருடமாக எனக்கு விறைப்பு சரியாக வருவதில்லை." வாய் வராவிட்டால் இதை ஒரு தாளில் எழுதி, சர்க்கரை ரிப்போர்ட்டுக்கு மேலே வைத்து நீட்டுங்கள். எழுந்து கதவருகே போன பிறகு சொல்லலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள், அடுத்தவர் உள்ளே வந்துவிடுவார். அந்த கேப்சூல் டப்பாவையும் பையில் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.