எஃப்எம் டிரான்ஸ்மிட்டரில் ‘உம்ம்’ சத்தமா? முதலில் அடாப்டரைக் கழற்றுங்கள்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். செல்போனில் உள்ள பழைய பாட்டுகளை அப்பா தன்னுடைய ரேடியோவிலேயே கேட்கட்டும் என்று, ஒற்றை டிரான்சிஸ்டர் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் ஒன்றை பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் பாகங்களைச் செருகும் துளைப் பலகையில்) செய்தேன். 9 வோல்ட் அடாப்டரில் ஓடுகிறது. பாட்டு கேட்கிறது, ஆனால் அடியில் விடாமல் ‘உம்ம்’ என்று ஒரு சத்தம், நடுநடுவே கரகரப்பு. பவரை ஏற்றினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. அந்த ‘உம்ம்’ வழியில் வந்து ஒட்டிக்கொள்வதல்ல. உங்கள் டிரான்ஸ்மிட்டரே பாட்டோடு சேர்த்து அதையும் அனுப்புகிறது. பவரை ஏற்றினால் அதே சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும், அவ்வளவுதான்.

இந்தச் சர்க்யூட்டில் பாட்டு எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் ஒன்றான பேஸில் சில மில்லிவோல்ட் ஏறி இறங்குகிறது. அதற்கேற்ப டிரான்சிஸ்டருக்குள் இருக்கும் சிறு கெப்பாசிட்டன்ஸ் மாறுகிறது, காயிலின் அலைவரிசை கொஞ்சம் நகர்கிறது. அந்த நகர்வைத்தான் ரேடியோ ஒலியாக மாற்றுகிறது. அடாப்டரிலிருந்து வரும் சில மில்லிவோல்ட் அலையும் இதே வேலையைச் செய்யும். எது பாட்டு, எது கரண்ட் என்று ரேடியோவுக்குத் தெரியாது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஏசியை டிசியாக்கும் நான்கு டயோடு பிரிட்ஜைத் தாண்டும்போது அது 100 ஹெர்ட்ஸ் அலையாகிறது. நீங்கள் கேட்பது பெரும்பாலும் அதுதான்.

உறுதிப்படுத்த ஐந்து நிமிடம் போதும். அடாப்டரைக் கழற்றி 9 வோல்ட் பேட்டரி போடுங்கள். செல்போனையும் சார்ஜரிலிருந்து எடுத்துவிடுங்கள். சத்தம் போய்விட்டால் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். அடாப்டரை மாட்டும்போது திரும்பி வந்தால் குறை பவர் சப்ளையில். போனைச் சார்ஜில் போடும்போது வந்தால் குறை ஆடியோ பக்கம்.

பவர் சப்ளைதான் என்றால், முதலில் மலிவான வைத்தியம். பிளஸ் வயரில் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டு, அதற்கு அடுத்து சர்க்யூட் பக்கம் 470 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெப்பாசிட்டரை கிரவுண்டுக்கு (மைனஸ் வயருக்கு) இணையுங்கள். 100 ஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்காகிவிடும். சர்க்யூட் 15 மில்லி ஆம்பியர் எடுத்தால் ஒன்றரை வோல்ட் குறையும், அதனால் பாதகமில்லை.

போதவில்லை என்றால் சப்ளையையே புதிதாகக் கட்டுவது மேல். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், நான்கு 4007 டயோடு, 2200 மைக்ரோஃபாரட் 35 வோல்ட் கெப்பாசிட்டர், 9 வோல்ட்டை நிலையாகத் தரும் 7809 ரெகுலேட்டர். எல்லாமே உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். 7809 ஒழுங்காக வேலை செய்ய அதற்குள் குறைந்தது பதினொன்றரை வோல்ட் போக வேண்டும். 9 வோல்ட் அடாப்டருக்குப் பின்னால் 7809 போட்டுவிட்டு ‘ரெகுலேட்டர் போட்டும் உம் போகவில்லை’ என்பவர்கள் தவறுவது இங்கேதான்.

இன்னொரு வகை உம் உண்டு. அடாப்டர் வயரைக் கையில் பிடித்தாலோ நகர்த்தினாலோ சத்தம் கூடிக் குறையும். டிரான்ஸ்மிட்டரின் அலையே வயர் வழியாக அடாப்டருக்குள் போய், அங்குள்ள டயோடுகளில் பட்டு உம்மோடு திரும்பி வருகிறது என்று அர்த்தம். எவ்வளவு பெரிய கெப்பாசிட்டர் போட்டாலும் இது அடங்காது. வயரை ஃபெரைட் வளையத்தில் ஆறேழு சுற்றுச் சுற்றுங்கள். நீங்களே கட்டிய சப்ளை என்றால் ஒவ்வொரு டயோடுக்கும் குறுக்கே ஒரு 103 (0.01 மைக்ரோஃபாரட்) செராமிக் கெப்பாசிட்டர் வையுங்கள். கடையில் வாங்கிய அடாப்டரை இதற்காகத் திறக்க வேண்டாம். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்.

கரண்ட் போய் இன்வர்ட்டரில் ஓடும்போது மட்டும் சத்தம் முரட்டுத்தனமாக மாறுகிறதா? சதுர அலை இன்வர்ட்டராக இருக்கும். அந்த நேரத்துக்குப் பேட்டரியே நல்லது.

ஆடியோ பக்கம் என்றால், போனைச் சார்ஜ் செய்யாமல் ஓட்டுங்கள். சார்ஜரோடுதான் வேண்டும் என்றால் நடுவில் 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் போட்டு இரு பக்க கிரவுண்டையும் பிரித்துவிடுங்கள். ஷீல்டு வயர்தான் போட வேண்டும். நீங்கள் செய்தது மைக்கோடு வரும் கிட் (உதிரிபாகத் தொகுப்பு) என்றால் மைக்கையும் அதற்கு மின்சாரம் தரும் ரெசிஸ்டரையும் கழற்றிவிடுங்கள். போனின் இடது, வலது இரண்டையும் தனித்தனி 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சேர்த்து, 10 கிலோ ஓம் பிரீசெட்டில் (திருப்பி மதிப்பை மாற்றும் சிறு ரெசிஸ்டரில்) குறைத்துக் கொடுங்கள். மைக் தருவதைவிடப் பல மடங்கு அதிகமாகப் போன் தருகிறது. பாட்டு உரக்க ஒலிக்கும் இடங்களில் மட்டும் கரகரத்தால் காரணம் இதுதான்.

மற்ற நேரத்திலும் கரகரத்தால் பிரெட்போர்டைச் சந்தேகியுங்கள். 100 மெகாஹெர்ட்ஸில் ஒரு சென்டிமீட்டர் கம்பியே சில ஓம் தடை தரும்; பிரெட்போர்டின் கிளிப்போ லேசாக ஆடினாலே அலைவரிசை துள்ளும். வெரோ போர்டில் (செம்புப் பட்டைகள் உள்ள துளைப் பலகையில்) சால்டர் செய்து, டிரான்சிஸ்டரை ஒட்டி பிளஸ்ஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 102 (0.001 மைக்ரோஃபாரட்) செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றைக் கால்களை ஒட்ட வெட்டி வையுங்கள். காயில்மேல் மெழுகு உருக்கி ஊற்றினால் அதிர்வு நிற்கும். காயிலோடு சேரும் கெப்பாசிட்டர், சூடேறினாலும் மதிப்பு மாறாத என்பிஓ வகையாக இருக்கட்டும்.

கை கிட்டே போனால் ஸ்டேஷன் நகர்கிறது என்றால் ஆன்டெனா நேராகக் காயிலில் மாட்டியிருக்கும். நடுவே 3 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள். ஆன்டெனா 15 சென்டிமீட்டர் போதும். மாடியில் கம்பி கட்டுவதோ பவர் ஆம்ப்ளிஃபயர் சேர்ப்பதோ கூடாது. உரிமம் இல்லாத ஒலிபரப்பு குற்றம். 108 மெகாஹெர்ட்ஸிலிருந்து விமானங்களின் வழிகாட்டி அலைவரிசை தொடங்குகிறது, அந்த ஓரத்துக்கே போகாதீர்கள்.

பெங்களூரில் 91.1, 92.7, 93.5, 98.3, 101.3, 102.9 எல்லாம் பலமான நிலையங்கள். அப்பாவின் ரேடியோவில் முள்ளை மெல்ல நகர்த்தி, எந்த நிலையமும் கேட்காத இடத்தைத் தேடிப் பிடியுங்கள். சர்க்யூட்டைத் தகரப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை கிரவுண்டோடு இணைத்துவிடுங்கள். மூடியை மூடியதும் அலைவரிசை மாறும். அதனால் டிரிம்மருக்கு (அலைவரிசையை மாற்றத் திருப்பும் சிறு கெப்பாசிட்டருக்கு) நேராக ஒரு துளை போட்டு, மூடியபின் பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவரால் திருப்பி அந்த இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.