பி.எஸ்சி. விலங்கியல் முடித்த பெண் 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராகச் சேரலாமா? பயிற்சி எப்படி இருக்கும்? வீட்டில் தயங்குகிறார்களே?

தாராளமாகச் சேரலாம். நான் படித்தது தாவரவியல். திருவண்ணாமலைப் பக்கம் சில வருஷம் 108-ல் இ.எம்.டி.யாக (மருத்துவ உதவியாளரை அப்படித்தான் சொல்வோம்) ஓடியிருக்கிறேன். நர்சிங், பார்மசி, டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்ப டிப்ளமோ) படித்தவர்களோடு விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் பட்டதாரிகளையும் எடுக்கிறார்கள். வயது 19 முதல் 30 வரை. எழுத்துத் தேர்வு, அப்புறம் முதலுதவியிலும் உடற்கூறிலும் வாய்மொழிக் கேள்விகள், கடைசியாக ஒரு நேர்காணல். தேர்வானால் வகுப்பறை, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் மூன்றிலுமாகச் சுமார் 50 நாள் பயிற்சி.

நர்சிங் முடித்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஊசியே பிடித்திராத நமக்கு முதல் வாரம் உதறும்தான். ஆனால் வார்டில் பழகிய அவர்களுக்கும் ரோடு புதுசு. வார்டில் நோயாளி கட்டிலில் இருப்பார், கேஸ் ஷீட் இருக்கும், கூப்பிட்டால் டாக்டர் வருவார். ரோட்டில் இருட்டாக இருக்கும், சுற்றிலும் கூட்டம் கத்திக்கொண்டிருக்கும். அதனால் எதை முதலில் பார்ப்பது என்கிற வரிசையைத்தான் திரும்பத் திரும்ப மண்டையில் ஏற்றுவார்கள். முதலில், இறங்குகிற இடம் பத்திரமா? அறுந்த கரண்ட் கம்பி, கசியும் பெட்ரோல், பின்னால் வேகமாக வரும் லாரி. அப்புறம் ஆளுக்கு நினைவு இருக்கிறதா, மூச்சுப் பாதை திறந்திருக்கிறதா, மூச்சு விடுகிறாரா, நாடி இருக்கிறதா, எங்கிருந்து ரத்தம் கொட்டுகிறது. கால் எலும்பு துருத்திக்கொண்டு ஒருவர் அலறினால் கண் அங்கேதான் ஓடும். அலறுகிறவருக்கு மூச்சு இருக்கிறது, சத்தமே போடாமல் ஓரமாகக் கிடப்பவரிடம் முதலில் போ என்று பழக்குவார்கள்.

சி.பி.ஆரை, அதாவது இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுப்பதை, பொம்மையில் செய்ய வேண்டும். குறைந்தது 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இரண்டே நிமிடத்தில் தோள் கழன்றுவிடும். பலரும் அழுத்திவிட்டு முழுசாகக் கையைத் தளர்த்த மாட்டார்கள். நெஞ்சு மேலே எழும்பினால்தானே இதயத்தில் மறுபடி ரத்தம் நிரம்பும்? பயிற்றுநர் அதைத்தான் உற்றுப் பார்ப்பார்.

விலங்கியல்காரர் என்பதால் பிரசவப் பாடம் உங்களுக்குச் சீக்கிரம் பிடிபடும். கவனமாகக் கற்றுக்கொள்ளுங்கள், கர்ப்பிணிகளுக்கான அழைப்பு 108-ல் நிறையவே வரும். சில சமயம் ஜி.எச். வரை தாங்காது. தலை தெரிகிறது என்றால் பைலட்டிடம் (டிரைவரை அப்படித்தான் சொல்வோம்) வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட வேண்டும். பிள்ளையை இழுக்கவே கூடாது. தலை சட்டென்று வெளியே வந்துவிடாமல் உள்ளங்கையால் தாங்க வேண்டும். கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, தளர்வாக இருந்தால் தலைக்கு மேலாக எடுத்துவிட வேண்டும். பிறந்ததும் நன்றாகத் துடைத்து, அம்மாவின் நெஞ்சோடு ஒட்டிப் போட்டுப் போர்த்த வேண்டும். கொடியில் துடிப்பு நின்றபின் இரண்டு கிளாம்ப், நடுவில் வெட்டு. நஞ்சுக்கொடி வரட்டும் என்று கொடியைப் பிடித்து இழுக்கிற வேலை வேண்டவே வேண்டாம். மாமியாரும் அத்தையும் வண்டிக்குள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அதற்குத் தனிப் பயிற்சி கிடையாது.

முடிவெல்லாம் தனியாக எடுக்க வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். கட்டுப்பாட்டு மையத்தில் எந்நேரமும் டாக்டர் இருப்பார். பி.பி., நாடி, ஆக்சிஜன் அளவு, சர்க்கரை எல்லாம் பார்த்துப் போனில் சொன்னால், எந்த மருந்து, எவ்வளவு என்று அவர் சொல்வார். அதை அப்படியே ரெக்கார்டில் எழுத வேண்டும்.

சிரமங்களையும் சொல்லிவிடுகிறேன். 12 மணி நேர ஷிஃப்ட், இரவும் பகலும் மாறி மாறி வரும். தமிழ்நாட்டில் எங்கே போட்டாலும் போக வேண்டும். சம்பளம், செய்கிற வேலைக்குக் குறைவு என்பதே என் எண்ணம். அதோடு, அவசர சிகிச்சையிலேயே மேலே படிக்க ஆசையிருந்தால், இந்தப் பயிற்சி ஒரு பட்டத்துக்கு ஈடாகாது. அதற்கு எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் விபத்து, அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் என்றே தனி பி.எஸ்சி. இருக்கிறது. இன்னொரு பட்டமா என்று யோசித்து நான் விட்டுவிட்டேன்.

வீட்டில் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. இரவில் வண்டியில் நீங்களும் பைலட்டும் மட்டும்தான். எனக்கு வாய்த்த அண்ணன்கள் நல்லவர்கள். நான் மல்லுக்கட்டியதெல்லாம் வண்டி நிற்கும் இடத்தில் உருப்படியான கழிப்பறை இல்லாததற்குத்தான். உங்களை எங்கே போட்டாலும் முதல் நாளே அதைக் கேளுங்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஜி.எச். வாசலில் நிற்கும் 108-க்குப் போய், பெண் இ.எம்.டி. இருந்தால் பேச வையுங்கள். கேஸ் இல்லாத நேரமென்றால் நன்றாகவே பேசுவார்கள். ஆள் எடுக்கும் அறிவிப்பு வந்ததும் அசல் சான்றிதழ்களோடு நேரில் போங்கள், வேலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.