எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய லேப்டாப்பில் எந்த யூட்டிலிட்டிகளை வைத்துக்கொள்ளலாம், எதைத் தூக்க வேண்டும்?

கேள்வி: பெங்களூரு எஸ்.பி. ரோட்டில், ஒரு கம்பெனி கழித்துவிட்ட லேப்டாப்பை வாங்கியிருக்கிறேன். விண்டோஸ் 11. கூடவே பத்துப் பதினைந்து சாஃப்ட்வேர்களைக் கடைக்காரரே போட்டுக் கொடுத்துவிட்டார். எதை நம்பலாம்? வேறு என்ன சின்னச் சின்ன யூட்டிலிட்டிகள் பயன்படும்? எது என் தகவலை வெளியே அனுப்புகிறது என்று எப்படிப் பார்ப்பது?

பதில்:

கடைக்காரர் போட்டதை ஒவ்வொன்றாகச் சலித்துக்கொண்டிருக்காதீர்கள். மொத்தமாக அழித்துவிட்டு விண்டோஸை நீங்களே புதிதாகப் போடுங்கள். அதற்கு முன் சில இடங்களை மட்டும் பாருங்கள், கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடு முடிவதற்குள்.

முதலில் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன். அங்கே டிஜிட்டல் லைசென்ஸ் என்று இருந்தால் நல்லது. "உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் மூலம்" என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், பெரும்பாலும் கேஎம்எஸ் ஆக்டிவேட்டர் (கம்பெனிகளின் மொத்த லைசென்ஸ் முறையைப் போலியாகப் பயன்படுத்தும் நிரல்) போட்டிருக்கிறார்கள். கேஎம்எஸ் முறையில் ஆக்டிவேஷன் 180 நாள்தான் நிற்கும். அதைப் புதுப்பிக்க ஒரு நிரல் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நிரலை விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் பிடித்துவிடும் என்பதால் டிஃபெண்டரில் ஒரு ஓட்டை போட்டு வைப்பார்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், அதன் அடியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் போய்ப் பாருங்கள். அங்கே ஒரு ஃபோல்டரோ, சில நேரம் முழு சி டிரைவுமோ இருக்கும். அந்த இடத்தில் எது வந்து உட்கார்ந்தாலும் டிஃபெண்டர் திரும்பிப் பார்க்காது. ஆக்டிவேட்டரைவிட எனக்குக் கவலை தருவது இந்த எக்ஸ்க்ளூஷன்தான்.

அடுத்தது பழைய கம்பெனியின் பிடி. செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல் காலியாக இருந்தால் மட்டும் போதாது. கம்பெனிகள் தங்கள் மெஷின்களைத் தூரத்திலிருந்தே அமைத்துக்கொள்ளும் விண்டோஸ் ஆட்டோபைலட்டில் பதிவான மெஷின் என்றால், பதிவு இருப்பது மைக்ரோசாஃப்ட் சர்வரில். நெட் இல்லாமல் செட்டப் முடித்துக் கொடுத்தால் ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்து நீங்கள் ரீசெட் போட்டு வைஃபை இணைத்ததும், பழைய கம்பெனியின் பெயரோடு லாகின் திரை வந்து நிற்கும். அந்தப் பதிவை நீக்கக்கூடியது அந்தக் கம்பெனி மட்டுமே. சோதிக்க ஒரே வழி: கடையிலேயே ரீசெட் போட்டு, உங்கள் ஃபோன் ஹாட்ஸ்பாட்டை இணைத்து, கணக்கு கேட்கும் திரை வரை போய்ப் பாருங்கள்.

மூன்றாவது பயாஸ், விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு. மெஷினை ஆன் செய்ததும் அதைத் திறக்க டெல்லில் எஃப்2, திங்க்பேடில் எஃப்1, எச்பியில் எஃப்10. செக்யூரிட்டி பகுதியில் அப்சொல்யூட் அல்லது கம்ப்யூட்ரேஸ் என்று ஒன்று இருக்கும். திருடுபோன லேப்டாப்பைத் தேட கம்பெனிகள் வாங்கும் சேவை அது. ஃபர்ம்வேரிலேயே இருப்பதால் ஹார்ட் டிஸ்க்கை மாற்றினாலும் திரும்ப வந்துவிடும். அது ஆக்டிவ் என்று காட்டினால் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பேரம் பேச வேண்டாம்.

இவை சரியாக இருந்தால் 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலைக் கொண்டு இன்ஸ்டாலரைத் தயார் செய்யுங்கள். கம்பெனி லேப்டாப்களில் பெரும்பாலும் பயாஸிலேயே அசல் லைசென்ஸ் கீ பதிந்திருக்கும். இன்ஸ்டாலர் அதைப் படித்து ஹோமா ப்ரோவா என்று தானே முடிவு செய்யும். நெட் கிடைத்ததும் ஆக்டிவேட் ஆகிவிடும். அசல் லைசென்ஸ் உள்ளேயே கிடக்க, மேலே திருட்டு ஆக்டிவேட்டர் ஓடும் மெஷின்கள் நிறைய. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசஸர் என்றால், விண்டோஸ் 11-இன் தகுதிச் சோதனையைத் தாண்டி அதைப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஓடும், ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய அப்டேட்டை நீங்களேதான் கையால் போட வேண்டியிருக்கும்.

இனி யூட்டிலிட்டிகள். நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: செய்கிற வேலைக்கு நெட் தேவையா? ஃபைல் தேட, ஜிப் செய்ய, ஸ்கிரீன்ஷாட் எடுக்க, பாஸ்வேர்ட் வைக்க நெட் தேவையில்லை. அப்படியிருந்தும் கணக்கு தொடங்கச் சொல்கிற கருவியை முதல் நாளே தூக்கிவிடலாம்.

ஃபைல் தேட 'எவ்ரிதிங்'. ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதில்லை. என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வழக்கமான டிஸ்க் அமைப்பு) டிரைவில் எல்லா ஃபைல்களின் பெயரும் ஒரே அட்டவணையில் இருக்கிறது, அதை நேரடியாகப் படித்துவிடுகிறது. அதனால்தான் லட்சக்கணக்கான ஃபைல்களை எழுத்து அடிக்க அடிக்கக் காட்டுகிறது. அட்டவணையைப் படிக்க அட்மின் உரிமை வேண்டும், ஆகவே இன்ஸ்டால் செய்யும்போது எவ்ரிதிங் சர்வீஸ் என்பதை டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கும். எக்ஸ்ஃபேட் என்ற வேறு அமைப்பில் உள்ள பென்டிரைவில் இந்த அட்டவணை கிடையாது. அதை ஆப்ஷன்ஸில் ஃபோல்டர்ஸ் பகுதியில் தனியாகச் சேர்க்க வேண்டும்.

ஜிப் செய்ய செவன்-ஜிப். ஆர்க்கைவ் ஃபார்மட் ஜிப் என்று இருக்கும்போது பாஸ்வேர்ட் கொடுத்தால் ஜிப்கிரிப்டோ என்ற பழைய, பலவீனமான முறைதான் இயல்பாக வரும். அதை ஏஇஎஸ்-256 என்று மாற்றுங்கள், அல்லது 7இசட் ஃபார்மட்டையே எடுங்கள். 7இசட்டிலும் 'என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ்' டிக் செய்யாவிட்டால், உள்ளே இருப்பது சம்பளச் சீட்டா மருத்துவ ரிப்போர்ட்டா என்பது பெயரைப் பார்த்தே தெரிந்துவிடும்.

ஸ்கிரீன்ஷாட்டுக்கு ஷேர்எக்ஸ். அருமையான கருவி, திறமூலம். ஆனால் அதன் பிறவிக் குணமே படத்தை ஏற்றிப் பகிர்வது. நிறுவியதும் 'ஆஃப்டர் கேப்சர் டாஸ்க்ஸ்' பட்டியலைத் திறந்து 'அப்லோட் இமேஜ் டு ஹோஸ்ட்' டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் படம் பிடித்து, அது பொது இணைப்பாகப் போய்விட்டால் திரும்ப வாங்குவது கஷ்டம்.

பாஸ்வேர்டுக்கு கீபாஸ்எக்ஸ்சி. எல்லாம் ஒரே ஃபைலில் உங்கள் கையில். அந்த ஃபைலை பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்து வைக்காவிட்டால் டிஸ்க் போனால் எல்லாம் போச்சு. இதோடு கிளிப்போர்டையும் கவனியுங்கள். விண்டோஸ் கீயும் வி-யும் சேர்த்து அழுத்தினால் கடைசியாகக் காப்பி செய்த 25 உருப்படிகள் வரை வரும். வசதிதான். ஆனால் சிஸ்டம், கிளிப்போர்ட் பக்கத்தில் மற்ற டிவைஸ்களோடு சிங்க் செய்யும் வசதி ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் காப்பி செய்வது கிளவுட் வழியாக மற்ற மெஷின்களுக்கும் போகும். ஆஃபீஸ் மெஷினிலும் அதே கணக்கு என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

கிளீனர், பூஸ்டர், டிரைவர் அப்டேட்டர் வகையறா எதுவும் வேண்டாம். குப்பை அள்ள விண்டோஸின் ஸ்டோரேஜ் சென்ஸ் போதும். 2017-இல் சிகிளீனர் 5.33 பதிப்பின் இன்ஸ்டாலரிலேயே யாரோ தீநிரலைச் சேர்த்துவிட்டார்கள். முறையான டிஜிட்டல் கையொப்பத்தோடு, அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே அது இறங்கியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குப் போனது. கையொப்பம் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம், ஆனால் தேவையில்லாத கருவியைப் போடாமல் இருப்பது அதைவிட நல்லது. கூகுளில் தேடி முதலில் வரும் விளம்பர இணைப்பை அழுத்துவதற்குப் பதில், டெர்மினலைத் திறந்து, சாஃப்ட்வேர் போடுவதற்கான மைக்ரோசாஃப்ட்டின் விங்கெட் கட்டளை மூலம் போடுங்கள். இறங்கிய இன்ஸ்டாலரின் ஹாஷ் (ஃபைலின் கைரேகை போன்ற எண்) விங்கெட்டின் பட்டியலில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று அதுவே சரிபார்க்கும்.

இனி, யார் வெளியே பேசுகிறார்கள் என்பது. இதற்கு இரண்டு கருவிகள், இரண்டும் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ளவை. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் தொடங்கியது, 2006-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை, இறக்கி ஓட்டினால் போதும்.

முதல் கருவி ஆட்டோரன்ஸ், விண்டோஸோடு தானாகத் தொடங்குபவை எல்லாவற்றையும் காட்டும். அதை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறங்கள். திரை நிறைய வரிகள் கொட்டும். ஆப்ஷன்ஸில் 'ஹைட் மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸ்' கொடுத்தால் பெருமளவு குறைந்து, மிச்சம் இருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். பிறகு ஸ்கேன் ஆப்ஷன்ஸில் 'வெரிஃபை கோட் சிக்னேச்சர்ஸ்', 'செக் வைரஸ்டோட்டல்' இரண்டையும் டிக் செய்யுங்கள். அதன் கீழே உள்ள 'சப்மிட் அன்னோன் இமேஜஸ்' மட்டும் வேண்டாம். பல வைரஸ் தடுப்பு நிரல்களின் கருத்தைத் தரும் தளமான வைரஸ்டோட்டலுக்கு 'செக் வைரஸ்டோட்டல்' ஃபைலின் ஹாஷை மட்டும் அனுப்பிக் கேட்கும். 'சப்மிட்' கொடுத்தாலோ ஃபைலையே ஏற்றிவிடும். மஞ்சள் வரி என்றால் அந்த ஃபைலே டிஸ்க்கில் இல்லை, பழைய எச்சம். இளஞ்சிவப்பு என்றால் கையொப்பம் சரிபார்க்கப்படவில்லை. எல்லா இளஞ்சிவப்பும் ஆபத்தில்லை, சின்ன திறமூலக் கருவிகள் பலவற்றுக்குக் கையொப்பம் இருக்காது. நேரே ஷெட்யூல்டு டாஸ்க்ஸ், சர்வீசஸ் டேப்களுக்குப் போங்கள். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலில் தெரியாதவை ஒளிந்திருப்பது அங்கேதான். கடைக்காரர் "பிரச்சனைன்னா ஃபோன் பண்ணுங்க, இங்கிருந்தே பார்த்துடறேன்" என்று போட்டுவிட்ட ரிமோட் கருவியின் சர்வீஸும், விண்டோஸைப் புதிதாகப் போடாமல் விட்டிருந்தால், அங்கே கிடக்கும். சந்தேகமானதை டிக் எடுங்கள், டெலீட் செய்யாதீர்கள். ஏதாவது ஓடாமல் போனால் டிக்கைத் திரும்பப் போட்டால் சரியாகிவிடும்.

டிசிபிவியூ, எந்த நிரல் எந்த முகவரியோடு இணைந்திருக்கிறது என்பதை அந்தந்த நொடியில் காட்டும். எஸ்விசிஹோஸ்ட் என்று வரிசையாக வருவதைப் பார்த்துப் பதற வேண்டாம். விண்டோஸ் சேவைகள் பலவும் அந்தப் பெயரில்தான் ஓடும். முதலில் பிரவுசரை மூடுங்கள், இல்லையென்றால் ஒன்றும் புரியாது. பத்து நிமிடம் கீபோர்டைத் தொடாமல் விட்டு, எது தானாக இணைப்பு திறக்கிறது என்று பாருங்கள். ஒரு மாதக் கணக்கு வேண்டுமென்றால் செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அட்வான்ஸ்டு, டேட்டா யூசேஜ். எந்த ஆப் எத்தனை எம்பி என்று அங்கேயே இருக்கிறது. கால்குலேட்டர் மாதிரியான ஒரு ஆப் 300 எம்பி தின்றிருந்தால் கேள்வி கேட்கலாம்.

தடுக்க விண்டோஸ் ஃபயர்வாலே போதும். இயல்பில் அது உள்ளே வருவதைத்தான் மறிக்கும், வெளியே போவதை விட்டுவிடும். அட்வான்ஸ்டு செக்யூரிட்டி திரையில் அவுட்பவுண்ட் ரூல்ஸ், நியூ ரூல், ப்ரோக்ராம், பாத், பிளாக், மூன்று ப்ரொஃபைலும் டிக். பலரும் சறுக்குவது பாத்தில். ஆப்டேட்டா ஃபோல்டரில் உட்காரும் ஆப்கள் சில, அப்டேட் ஆகும்போது பதிப்பு எண்ணோடு புது ஃபோல்டர் உருவாக்கிக்கொள்ளும். உங்கள் ரூல் பழைய பாத்தைக் காவல் காத்துக்கொண்டிருக்கும், ஆப் புதுப் பாத்திலிருந்து வெளியே போய்வரும். ஆப்பின் அப்டேட்டர் பெரும்பாலும் தனி எக்ஸ்இ, ஆப்புக்குப் போட்ட ரூல் அதைத் தடுக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

விண்டோஸே அனுப்புவதைப் பற்றி: ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி, டயக்னாஸ்டிக்ஸில் 'ஆப்ஷனல்' என்பதை அணைக்கலாம். 'ரிக்வயர்டு' என்பதை ஹோமிலும் ப்ரோவிலும் அணைக்க முடியாது. முடியும் என்று சொல்லும் கருவிகள் ரெஜிஸ்ட்ரியை நோண்டுகின்றன, பெரிய அப்டேட் வந்தால் பாதி திரும்பிவிடும். இதில் மெனக்கெடுவதைவிட ஒன்டிரைவைக் கவனிப்பது லாபம். செட்டப்பின்போது நீங்கள் கவனிக்காமல் நெக்ஸ்ட் அழுத்தினால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் அதற்குள் போய்விடும். இலவச இடம் 5 ஜிபிதான். அது நிரம்பியதும், இடம் வேண்டுமே என்று பிரவுசரில் ஃபைல்களை அழிப்பார்கள், லேப்டாப்பிலும் காணாமல் போகும். நகல் அல்ல, ஒரே ஃபைலின் இரண்டு முகம் அது. நிறுத்த: ஒன்டிரைவ் செட்டிங்ஸ், சிங்க் அண்ட் பேக்கப், மேனேஜ் பேக்கப், மூன்றையும் அணையுங்கள். உடனே டெஸ்க்டாப் காலியாகத் தெரியலாம். ஃபைல்கள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் அப்படியே இருக்கும், கட் செய்து வெளியே கொண்டுவாருங்கள்.

இன்னொன்று டிஸ்க் பூட்டு. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான மெஷின்களில் டிவைஸ் என்கிரிப்ஷன் தானே வந்துவிடும். சாவி உங்கள் கணக்கில் சேமிக்கப்படும். பயாஸ் அப்டேட்டோ மதர்போர்டு மாற்றமோ நடந்தால் அந்தச் சாவியான 48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்கும். கணக்கின் பாஸ்வேர்டும் மறந்திருந்தால் எஸ்.பி. ரோட்டில் யாராலும் திறக்க முடியாது. அந்த எண்ணை இன்றைக்கே ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வைத்துவிடுங்கள்.

கடைசியாக நம்மவர்களுக்கு மட்டும் வரும் ஒன்று. தமிழ் தட்டச்சுக் கருவி எதுவானாலும், நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு எழுத்தையும் பார்த்தால்தான் அதனால் வேலை செய்ய முடியும், பாஸ்வேர்ட் உட்பட. கடைக்காரரின் பென்டிரைவிலிருந்து வந்த பழைய பதிப்பு ஒன்று லேப்டாப்பில் இருக்குமானால் அதை வைத்துக்கொள்ளாதீர்கள். விண்டோஸிலேயே தமிழ்99, அஞ்சல் இரண்டும் உள்ளன. டைம் அண்ட் லாங்குவேஜில் தமிழைச் சேர்த்து, மூன்று புள்ளியை அழுத்தி, லாங்குவேஜ் ஆப்ஷன்ஸில் 'ஆட் எ கீபோர்டு' கொடுத்தால் வரும். மாற்றிக்கொள்ள விண்டோஸ் கீயும் ஸ்பேஸும்.