பளபளக்கும் படிகம் சுத்தமானதுதானா?

கேள்வி: வியாசர்பாடியில் வசிக்கிறேன், வேதியியல் இளநிலை முதலாண்டு மாணவி. சோடியம் பென்சோயேட் கரைசலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துப் பென்சாயிக் அமிலம் தயாரித்தேன். வெள்ளை வெளேரென்று பளபளக்கிறது. ஆனால் 114 டிகிரியில் உருகத் தொடங்கி 119 டிகிரியில்தான் முழுதும் உருகியது. புத்தகத்தில் 122 என்று இருக்கிறது. மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம், கொட்டிவிடாதீர்கள். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் பென்சாயிக் அமிலம்தான். கூடவே வேறு ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெண்மையையும் பளபளப்பையும் நம்பாதீர்கள். சுத்தமான பொருள் ஓரிரு டிகிரிக்குள் சட்டென்று உருகி முடிந்துவிடும். கலப்பு இருந்தால் முன்கூட்டியே உருகத் தொடங்கி இழுத்துக்கொண்டே போகும். உங்களுக்கு 3 டிகிரி குறைந்ததைவிட, 5 டிகிரி இழுத்ததுதான் என்னை யோசிக்க வைக்கிறது.

முதல் சந்தேகம் ஈரத்தின் மேல். கார்த்திகை மழையில் சென்னையில் கொடியில் போட்ட துணியே இரண்டு நாள் காய்வதில்லை. வடிதாளில் பரப்பிய படிகம் ஒரே இரவில் எப்படிக் காயும்? நீரற்ற கால்சியம் குளோரைடு வைத்த டெசிகேட்டரில் (ஈரத்தை உறிஞ்சி உலர்த்தும் மூடிய கண்ணாடிப் பாத்திரம்) ஒரு நாள் விட்டு, பிறகு மீண்டும் அளந்து பாருங்கள். அவசரப்பட்டு ஓவனில் 100 டிகிரிக்கு வைத்தால் அமிலம் பதங்கமாகிக் குறையும்.

அளக்கும்போது 110 டிகிரி வரை வேகமாகச் சூடாக்கலாம். அதன்பின் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு டிகிரிதான் ஏற வேண்டும். தூள் அடைத்த நுண்குழாயிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். தூள் முதலில் சுருங்கிக் கண்ணாடிச் சுவரை விட்டு விலகும். அது உருகல் அல்ல. முதல் துளி திரவம் தெரிவதே தொடக்கம், கடைசித் துகள் மறைவதே முடிவு. ஆய்வகப் பாட்டிலில் உள்ள நல்ல பென்சாயிக் அமிலத்தையும் ஒருமுறை அதே வெப்பமானியில் அளந்துவிடுங்கள். அதுவும் 119 காட்டினால் குற்றம் வெப்பமானியுடையது.

காய்ந்த பிறகும் இழுத்தால் மறுபடிகமாக்குங்கள், அதாவது கொதிநீரில் கரைத்து, ஆறவிட்டு மீண்டும் படிகமாக எடுங்கள். ஒரு லிட்டர் நீர் 25 டிகிரியில் ஏறக்குறைய 3.4 கிராம் பென்சாயிக் அமிலத்தைத்தான் கரைக்கும். கொதிநிலையில் 56 கிராம் வரை கரைக்கும். நமக்கு வேலை செய்வது இந்த வித்தியாசம்தான். 2 கிராம் அமிலத்துக்குக் கொதிநீர் 50 மி.லி. போதும். தாராளமாக ஊற்றினால் அந்த அளவுக்குப் பொருள் நீரிலேயே தங்கிவிடும். நீண்ட நேரம் கொதிக்க விட்டாலும் நீராவியோடு அமிலம் போய்விடும். சூடாக்கிய புனலில் மடிப்பு வடிதாள் வைத்து உடனே வடிகட்டுங்கள். புனல் ஆறியிருந்தால் அதன் கழுத்திலேயே படிகம் கட்டி அடைத்துக்கொள்ளும். வடித்ததை அசைக்காமல் மூடி வையுங்கள். பனிக்கட்டியில் உடனே வைத்தால் பொடிப்பொடியாக விழுந்து அழுக்கையும் உள்ளே சிறைப்பிடிக்கும். தானாக ஆறி, ஊசி ஊசியாகவோ தகடாகவோ படிகம் வளர்ந்த பிறகு பனிநீரில் வையுங்கள். நம் ஊர் அறைவெப்பத்துக்கு அது அவசியம். பின்பு சிறிதளவு குளிர்ந்த நீரால் கழுவி உலர்த்துங்கள்.

இனி உருகுநிலை கண்டுபிடிக்காத ஒன்று. உங்கள் தயாரிப்பில் சோடியம் குளோரைடும், அதாவது நம் சமையல் உப்பும், உண்டாகிறது. உருகிய பென்சாயிக் அமிலத்தில் அது கரையாது. கரையாத பொருள் உருகுநிலையைக் குறைப்பதில்லை. ஆகவே உப்பு கலந்த அமிலமும் அழகாக 122 டிகிரியில் உருகிக் காட்டும். கழுவிய நீரில் சில துளி நீர்த்த நைட்ரிக் அமிலமும், பிறகு வெள்ளி நைட்ரேட்டும் விட்டுப் பாருங்கள். வெண்மையாகக் கலங்கினால் இன்னொரு முறை கழுவுங்கள்.

பொருள் அதுதானா என்ற ஐயத்துக்கும் வழி உண்டு. பாட்டில் அமிலத்தோடு உங்களுடையதைச் சம அளவில் அரைத்து உருக்குங்கள்; இரண்டும் ஒன்றே என்றால் 122 மாறாது. யூரியாவும் சின்னமிக் அமிலமும் தனித்தனியே ஏறத்தாழ 133 டிகிரியில் உருகுகின்றன. கலந்தால் அதைவிட வெகுவாகக் கீழே இறங்கிவிடும். ஒரே எண் காட்டும் இரண்டு பொருள்களைப் பிரித்தறிய இதைப்போல எளிய சோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஆய்வேட்டில் வெறுமனே 122 என்று எழுதாதீர்கள். தொடங்கிய டிகிரி, முடிந்த டிகிரி இரண்டையும், சுத்தம் செய்வதற்கு முன்பும் பின்பும் எழுதுங்கள்.