டேட்டாபேஸ் வேலை நிலைக்குமா?

கேள்வி: 3 வருடமாக டேட்டாபேஸ் அட்மினாக இருக்கிறேன். எல்லாம் கிளவுடுக்கு (இணையம் வழி வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களுக்கு) போகிறது. வேறு துறைக்கு மாறிவிடவா?

பதில்: மாற வேண்டாம், ஆனால் இப்போது செய்வதையே செய்துகொண்டும் இருக்காதீர்கள். இன்ஸ்டால் செய்வது, பேட்ச் போடுவது, தினசரி பேக்கப் எடுப்பது, இதில் பெரும்பகுதியை கிளவுட் எடுத்துக்கொண்டது உண்மைதான். ஆனால் நேற்றுவரை 1 நொடியில் வந்த குவெரி (டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் கேள்வி) இன்று ஏன் 40 நொடி எடுக்கிறது, எந்த இண்டெக்ஸ் (தகவலை வேகமாகத் தேட உதவும் பட்டியல்) வேண்டும், தேவையில்லாத இண்டெக்ஸ் எப்படி ஒவ்வொரு இன்சர்ட்டையும் (புதுத் தகவல் சேர்ப்பதையும்) தாமதப்படுத்துகிறது என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளாக நீங்கள் ஆகுங்கள். உங்கள் டேட்டாபேஸ் மென்பொருள் போஸ்ட்கிரெஸ் என்றால் எக்ஸ்பிளைன் அனலைஸ் என்ற கட்டளையைக் கொடுத்து, பிளானர் (குவெரியை எப்படி ஓட்டுவது என்று திட்டமிடும் பகுதி) கணித்த ரோ (வரிசை) எண்ணிக்கையும் உண்மையில் வந்ததும் எங்கே விலகுகின்றன என்று பாருங்கள். பல நேரம் கோளாறு அங்கேதான் இருக்கும். (அந்தக் கட்டளை குவெரியை நிஜமாகவே ஓட்டும், டெலீட் குவெரி என்றால் தகவல் அழிந்துவிடும், கவனம்.) கணினி அறிஞர் எட்கர் காட் 1970-இல் எழுதிய ரிலேஷனல் மாடல்தான் (தகவலை அட்டவணைகளாக வைக்கும் முறை) இன்றும் அடித்தளம், படித்தது வீணாகாது.

அப்புறம், பேக்கப்பை மாதம் ஒருமுறையாவது வேறு சர்வரில் ரீஸ்டோர் செய்து, எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்து வையுங்கள். இதைச் செய்யாமல் ஓர் இரவு முழுக்கத் தவித்திருக்கிறேன்.